வெட்ட வேண்டாத இழை

குழந்தையின் சத்திரசிகிச்சைக் காயத்தை எதால் மூடுவது? நூலா, பசையா, பிளாஸ்டரா? யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்விக்கான விடை தியேட்டரை விட்டு வெளியே வந்த பிறகுதான் தெரிகிறது.

கத்தரிக்கோல் சின்னதுதான். ஆனாலும் அதைக் கண்டதும் ஐந்து வயதுப் பொடியன் தாயின் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டான். "கண்ணை மூடு ராசா, ஒண்டும் செய்யமாட்டன்" என்றார் தாதி. "பொய் சொல்லுறா அம்மா, வெட்டப்போறா!" அடிவயிற்று மடிப்போடு மடிப்பாக இரண்டு சென்ரிமீற்றர் காயம். அதில் நாலு நீல இழை. தாதி இடுக்கியால் முடிச்சைத் தூக்கினார். தோலோடு ஒட்டிய இடத்தில் நூலை நறுக்கினார். வெளியே கிடந்து அழுக்குப்பட்ட பகுதி தோலுக்குள்ளால் இழுபடாதபடி மறுபக்கமாக உருவினார். ஒரு இழைக்குப் பத்து விநாடிகூட இல்லை. ஆனால் நாலாவது இழைக்குக் காலைப் பிடிக்க இன்னொருவர் வரவேண்டியிருந்தது.

நெடுந்தீவுக் குடும்பம். விடியக்காலைப் படகில் குறிகட்டுவானுக்கு வந்து, அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை, பண்ணைப் பாலம் என்று பஸ்ஸில் ஏறியிறங்கி, பெரியாஸ்பத்திரியில் நம்பர் எடுத்துக் காத்திருந்தார்கள். தகப்பனுக்கு அன்றைய தொழில் இல்லை. பின்னேரப் படகைத் தவறவிட்டால் இரவு ரவுனில் ஆரையாவது தேடித் தங்கவேண்டும். இவ்வளவும் நாற்பது விநாடி வேலைக்கு.

அந்த நாலு இழையும் தானாகக் கரையும் நூலால் தோலுக்கு அடியில் போடப்பட்டிருந்தால் இந்தப் பயணமே இருந்திராது. காயமும் இதேபோல ஆறியிருக்கும்.

மேசையில் இருப்பவை

பிள்ளைகளுக்கு முன்கூட்டியே திகதி குறித்துச் செய்யும் சத்திரசிகிச்சைகளில் அதிகம் அடிபடும் பெயர் ஹேர்னியா. விதைப்பையில் நீர் கோர்ப்பது, விதை இறங்காமல் நிற்பது, சுன்னத்து, பிளவுபட்ட உதடு எல்லாம் அதே வரிசையில் வரும். உள்ளே நடக்கும் வேலை வேறு வேறாக இருந்தாலும் கடைசியில் எல்லாவற்றிலும் ஒரு தோல் வெட்டு மிஞ்சும். அதை மூட வழிகள் பல.

ஒன்று, வெளியே தெரியும் நைலோன் அல்லது பொலிபுரொப்பிலீன் இழை. உறுதியானது, மலிவானது, தோலை அதிகம் உறுத்தாது. ஆனால் கட்டாயம் வெட்டி எடுக்கவேண்டும். இன்னொன்று தோலின் மேற்படைக்குச் சற்றுக் கீழே, இரு விளிம்பையும் மாறிமாறிப் பிடித்தபடி ஓடும் கரையும் நூல். வெளியே ஒன்றும் தெரியாது. முனை மட்டும் எங்காவது நீட்டிக்கொண்டிருக்கும், அதுவும் சில நாளில் விழுந்துவிடும். மூன்றாவது தோல் பசை. விளிம்புகளைச் சேர்த்துப் பிடித்து, மேலே பூசி, காயவிடுவது. இவை தவிர, காயத்துக்குக் குறுக்கே ஒட்டும் மெல்லிய கடதாசிப் பட்டிகள் இருக்கின்றன. உலோகக் கொக்கிகளும் இருக்கின்றன. கொக்கி போடுவது வெகு வேகம். தலையில் முடிக்குள் இருக்கும் காயத்துக்கு நல்லது. பிள்ளையின் வயிற்றில் அதைப் போட்டு, பிறகு விழித்திருக்கும் பிள்ளையிடம் அதைக் கழற்றப் போவது வேண்டாத வினை. இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2019இல் வெளியிட்ட வழிகாட்டலும் காயம் விரிவதைக் குறைக்கக் கொக்கியைவிட இழையையே யோசிக்கச் சொல்கிறது.

▪ பெட்டி: எத்தனை நாளில் வெட்டலாம்?
கரையாத இழைக்குப் பொதுவான கணக்கு இது. முகத்தில் 3 முதல் 5 நாள். தலையில் 7 முதல் 10. வயிறு, முதுகில் 7 முதல் 10. கை, காலில் 10 முதல் 14. முழங்கால் போன்ற மூட்டுக்கு மேல் 14 நாள். முகத்தில் நாள் கடத்தினால் இழை போன புள்ளிகளே தனித் தழும்பாகிவிடும். மூட்டில் அவசரப்பட்டால் காயம் திறக்கும்.
இழை வெட்டிய அன்று காயம் ஆறிவிட்டது என்று நினைக்கவேண்டாம். ஒரு கிழமையில் அந்த இடத்துக்குப் பழைய தோலின் வலுவில் ஏறத்தாழ 3 வீதம்தான் வந்திருக்கும். மூன்று கிழமையில் 20 வீதம் அளவு. மூன்று மாதத்தில் 80 வீதத்தை எட்டலாம். அதற்கு மேல் ஒருபோதும் ஏறாது.

பசைக்கு ஏன் இவ்வளவு மவுசு?

"ஊசி இல்லாமல் ஒட்டிவிடலாமாம்" என்று கேட்டுக்கொண்டு வரும் பெற்றோர் இப்போது கூடிவிட்டார்கள். வெளிநாட்டில் இருக்கும் சித்தி வீடியோ அழைப்பில் சொல்லியிருப்பார். கனடாவில் அவருடைய பிள்ளை நெற்றியை உடைத்துக்கொண்டபோது ஐந்து நிமிடத்தில் ஒட்டி அனுப்பியிருப்பார்கள். அது உண்மைதான். பிள்ளைகளின் முகக் காயத்தில் பசையையும் இழையையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆரம்ப ஆய்வுகளில் முக்கியமான ஒன்று 1993இல் கனடாவில்தான் நடந்தது. பசையில் வலி குறைவு, நேரம் குறைவு, தழும்பு ஏறத்தாழ ஒன்றே என்று தெரிந்தது.

ஆனால் விழுந்து கிழிந்த காயம் வேறு, தியேட்டரில் வெட்டிய காயம் வேறு. விழுந்து வரும் பிள்ளை விழித்திருக்கிறது, பயந்திருக்கிறது. மரக்க வைக்கும் ஊசியே அதற்கு ஒரு தண்டனை. அங்கே பசை மிச்சப்படுத்துவது பெரிய விஷயம். தியேட்டரில் கிடக்கும் பிள்ளைக்கோ முழு மயக்கம். ஊசி குத்துவது அதற்குத் தெரியவே போவதில்லை. அப்படியிருக்கப் பசையின் பெரிய நன்மையில் பாதி அங்கேயே அடிபட்டுப் போகிறது. சிங்கப்பூர் வைத்தியர்கள் பிள்ளைகளின் சத்திரசிகிச்சை வெட்டுகளில் பசையையும் தோலடி இழையையும் ஒப்பிட்டு 2002இல் முடிவு வெளியிட்டார்கள். அழகில் இரண்டும் ஒன்றுபோலத்தான் வந்தன.

அழகு சமம் என்றால் உறுதி? கொக்ரேன் அமைப்பு 2014இல் 33 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. மொத்தம் 2,793 பேர். பெரியவர்களும் பிள்ளைகளும் கலந்த கணக்கு. பசையால் ஒட்டிய சத்திரசிகிச்சைக் காயங்கள், இழை போட்டவற்றைவிட மூன்று மடங்குக்குச் சற்று அதிகமாகப் பிரிந்தன. கேட்கப் பயமாக இருந்தாலும் உண்மையில் ஏறத்தாழ 43 பேருக்கு ஒருவர் கூடுதலாக என்ற அளவு. பெரும்பாலும் மேற்தோல் விலகல், ஆபத்தில்லை. ரொறன்ரோவில் வீட்டிலிருந்து பதினைந்து நிமிடத்தில் வைத்தியசாலை இருக்கிறவருக்கு அது ஒரு தொந்தரவு மட்டுமே. அனலைதீவிலோ எழுவைதீவிலோ இருக்கிறவருக்கு அது இன்னொரு படகு.

அதற்காகப் பசையைத் தள்ளிவிடவும் முடியாது. கைக்குழந்தையின் அரையில், நப்பி கட்டும் இடத்தில் போட்ட காயத்தை நினைத்துப் பாருங்கள். மூத்திரமும் மலமும் எப்போதும் அதைச் சுற்றியே. அங்கே கரையும் நூலால் உள்ளே தைத்து, மேலே பசையை ஒரு பூச்சுப் பூசினால் நீர் புகாத மறைப்பாக நிற்கும். பிள்ளைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்பவர்கள் பலர் விரும்பும் கூட்டு இது. உறுதிக்கு நூல், காவலுக்குப் பசை.

▪ பெட்டி: துப்பாக்கியிலிருந்து தோலுக்கு
1942இல் அமெரிக்காவின் ஈஸ்ற்மன் கொடாக்கில் ஹரி கூவர் என்ற வேதியியலாளரின் குழு, துப்பாக்கிக் குறிபார்ப்பிக்குத் தெளிவான பிளாஸ்ரிக் தேடியது. கிடைத்த பொருள் தொட்டதெல்லாம் ஒட்டிப் பிடித்ததால் ஒதுக்கிவைத்தார்கள். 1951இல் அதன் அருமை தெரிந்தது, 1958இல் பசையாகக் கடைக்கு வந்தது. வியட்நாம் போரில் இரத்தம் நிறுத்தத் தெளித்தார்கள். தோலுக்கென்றே மாற்றியமைத்த ஒக்ரைல் வகைக்கு அமெரிக்க அரசு 1998இல் அனுமதி கொடுத்தது.
கடையில் விற்கும் சுப்பர் குளூ இதன் உறவுதான், ஆனால் வேறு பொருள். காயும்போது சூடேறும், திசுவைப் பாதிக்கும், கிருமி நீக்கியதுமல்ல. பிள்ளையின் காயத்தில் அதைப் பூசவே கூடாது.

பின்லாந்து தந்த விடை

நூலா பசையா என்று எல்லோரும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, பின்லாந்தின் ஔலு பல்கலைக்கழக வைத்தியசாலை வேறொரு கேள்வியைக் கேட்டது. எந்த வழியில் மூடுகிறோம் என்பதைவிட, நூலின் மேல் என்ன இருக்கிறது என்பது முக்கியமோ? 2010 முதல் 2014 வரை ஆயிரத்தைந்நூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகளில், ஒரு பாதிக்கு ரைக்குளோசான் என்ற கிருமிநாசினி பூசிய கரையும் நூல், மறுபாதிக்குச் சாதாரண கரையும் நூல். பூசிய நூல் போட்ட 778 பேரில் 20 பேருக்குக் காயத்தில் கிருமி பிடித்தது. சாதாரண நூலில் 779 பேரில் 42. பாதியாகக் குறைந்துவிட்டது. முடிவு 2017இல் லான்செற் குழும இதழில் வந்தது. நைஸ் வழிகாட்டல், குறிப்பாகப் பிள்ளைகளின் சத்திரசிகிச்சைக்கு இந்த நூலை யோசியுங்கள் என்று சொல்வதற்குப் பின்னால் இருப்பது இந்த ஆய்வுதான்.

எனக்கு இதில் பிடித்தது, பிள்ளைகளுக்கான விடையைப் பிள்ளைகளிடமே தேடினார்கள் என்பது. மருத்துவத்தில் பெரும்பாலும் பெரியவர்களில் கண்டதைச் சுருக்கிச் சின்னவர்களுக்குப் போட்டுவிடுகிறார்கள். சீழ் பிடித்த காயம் ஒன்றுக்கு வடமராட்சித் தாய் எத்தனை தரம் மருந்து கட்ட ஓடவேண்டும் என்று யோசித்தால், 42க்கும் 20க்கும் இடையிலுள்ள தூரம் புரியும்.

1867, மானிப்பாய்

காயத்தை எதால் மூடுவது என்பது இந்த மண்ணுக்குப் புதுப் பேச்சல்ல. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தி, உள்ளூர் இளைஞர்களுக்கு மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். அதற்காக நூல்களையும் தமிழாக்கினார். 'இரண வைத்தியம்' என்ற அறுவை மருத்துவ நூல் வெளிவந்தது 1867இல். அதே ஆண்டில்தான் ஜோசப் லிஸ்ரர் கிருமிநீக்கச் சத்திரசிகிச்சை பற்றிய கட்டுரைகளை லான்செற்றில் வெளியிட்டார். அவருடைய முதல் வெற்றிக்கு ஆள் ஒரு பிள்ளைதான். கிளாஸ்கோவில் வண்டிச் சில்லு ஏறிக் கால் முறிந்த 11 வயதுச் சிறுவன்.

கிறீன் காலத்துக் கைப்பெட்டியில் பட்டு நூலும், வெள்ளிக் கம்பியும், ஒட்டுப் பிளாஸ்டரும் இருந்திருக்கும். தோலில் பூசிக் காயவிடும் கொலோடியன் என்ற திரவப் பூச்சுக்கூட 1840களின் கடைசியிலேயே அமெரிக்காவில் வந்துவிட்டது. இன்றைய பசைக்கு அதுவே பாட்டன் எனலாம். வழிகள் அன்றும் மூன்றுதான். அன்று எல்லாவற்றையும் தோற்கடித்தது சீழ்.

மூடக்கூடாத காயம்

எதால் மூடுவது என்பதற்கு முன்னால் மூடலாமா என்று ஒரு கேள்வி இருக்கிறது. அதை யாழ்ப்பாணத்துச் சத்திரசிகிச்சையாளர்களுக்கு எவரும் படிப்பிக்கத் தேவையில்லை. ஷெல் துண்டு பட்ட காயத்தை அன்றே அழகாகத் தைத்துவிட்டால், உள்ளே கிடக்கும் மண்ணும் துணியும் செத்த தசையும் நாலு நாளில் ஆளைக் கொன்றுவிடும். கழுவி, செத்ததை வெட்டி, திறந்தபடி விட்டு, நாலு முதல் ஏழு நாளுக்குள் சுத்தமாக இருந்தால் மூடுவது என்பது செஞ்சிலுவைச் சங்கத்தின் போர்க்காயப் பாடம். 1990இல் யாழ்ப்பாண வைத்தியசாலை செஞ்சிலுவைச் சங்கத்தின் பாதுகாப்பு வலயமாக இயங்கத் தொடங்கியபோது, இங்கே எத்தனையோ பிள்ளைகளின் காயங்கள் திறந்தபடிதான் கிடந்து ஆறின.

இன்றைக்கு அந்த இடத்தில் நிற்பவை தெருநாய்க் கடியும், உள்ளே வெடித்துப்போன அப்பெண்டிக்ஸும். பிள்ளையின் காயத்தைத் தைக்காமல் பஞ்சு வைத்து விட்டிருந்தால் "டொக்ரர் அரைகுறையில விட்டிட்டார்" என்று பேசாதீர்கள். பெரும்பாலும் காரணத்தோடுதான் விட்டிருப்பார். கேட்டால் சொல்வார்.

வீட்டுக்குப் போன பிறகு

எந்த முறையில் மூடினாலும் அதன் தலைவிதி வீட்டில்தான். எங்கள் வீடுகளில் காயத்துக்கு இரண்டு எதிரி. ஒன்று பத்தியம், மற்றது எண்ணெய்.

சத்திரசிகிச்சை முடிந்த பிள்ளைக்கு அம்மம்மாவின் சட்டம் அமுலுக்கு வரும். நண்டு, இறால், கணவாய் கூடாது. கத்தரிக்காய், தக்காளி, அன்னாசி கூடாது. சில வீட்டில் முட்டையும் கூடாது, "சீழ் கட்டும்". இரண்டு கிழமைக்குச் சோறும் சரக்குத்தண்ணியும்தான். சரக்கில் ஒரு குறையும் இல்லை. மல்லியும் மிளகும் உள்ளியும் போட்டுச் சின்ன மீனோடு வைத்தால் நல்ல சாப்பாடு. மீனையும் முட்டையையும் நிறுத்துவதுதான் பிழை. வெட்டிய தோல் திரும்பப் பின்னப்படுவது புரதத்தால். ஒவ்வாமை உள்ள உணவைத் தவிர எதையும் நிறுத்தக் காரணமில்லை.

எண்ணெய் விஷயம் இன்னும் நுட்பம். காயம் வறண்டு சொறியும்போது தேங்காய் எண்ணெயோ வேப்பெண்ணெயோ தடவுவது எங்கள் கைப்பழக்கம். சில வீட்டில் கோப்பித்தூளும் மஞ்சளும் ஏறும். பசை பூசிய காயத்தில் எண்ணெய்ப் பசையுள்ள எது பட்டாலும் அது இளகிக் கழன்றுவிடும். வாசலின் வகை ஒயின்மென்ற் ஆனாலும் அதுதான். பசை தானாக 5 முதல் 10 நாளில் உரிந்து விழவேண்டும், விளிம்பைக் கிளப்பி இழுக்கவும் கூடாது. கிளப்பாமல் இருக்க ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லிப் பாருங்கள்.

குளிப்பு விஷயத்தில் நாங்கள் மறுபக்கம் சாய்கிறோம். இழை வெட்டும்வரை தண்ணி படக்கூடாது என்று சித்திரை வெயிலில் பிள்ளையைப் பத்து நாள் வேர்க்க வைக்கிறோம். 48 மணித்தியாலத்துக்குப் பிறகு காயத்தின் மேல் தண்ணீர் ஓட விட்டு மெதுவாகக் குளிக்க வைக்கலாம், பிறகு தேய்க்காமல் ஒற்றி எடுக்கலாம் என்பது இன்றைய நிலைப்பாடு. உங்கள் வைத்தியர் வேறு மாதிரிச் சொன்னால் அவர் சொல்தான் சட்டம். கீரிமலைக் கேணியில் இறங்குவதும் கடலில் ஊறுவதும் காயம் நன்றாக ஆறும்வரை எவருக்கும் வேண்டாம்.

▪ பெட்டி: உடனே கொண்டு ஓடவேண்டியவை
காயத்தைச் சுற்றிய சிவப்பு நாளுக்கு நாள் அகலித்தல். தொட்டால் சுடுதல், வீக்கம். சீழ் அல்லது கெட்ட மணம். காய்ச்சல். இரண்டாம் மூன்றாம் நாளில் குறையவேண்டிய நோ கூடுதல். காயம் பிளந்து உள்ளே தெரிதல். சத்திரசிகிச்சைக்குப் பின் 30 நாள்வரை கிருமி பிடிக்க இடமுண்டு.

தழும்பு

பெண்பிள்ளையைப் பெற்றவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். கரையும் நூலும் வெட்டும் நூலும் பிள்ளைகளின் காயத்தில் விடும் தழும்புக்கு இடையே சொல்லத்தக்க வித்தியாசத்தைப் பல ஆய்வுகள் காணவில்லை. வெட்டு தோல் மடிப்போடு ஓடுகிறதா, காயம் இழுபடுகிறதா, கிருமி பிடித்ததா என்பவைதான் தழும்பைத் தீர்மானிக்கின்றன. அதோடு ஒருவருடைய உடல்வாகு. எங்களைப் போன்ற கறுத்த தோலில் காயத்தைத் தாண்டி வளரும் கெலொயிட் தழும்பு கூடுதல். நெஞ்செலும்பின் மேல், தோளில், காதுச் சோணையில் அதிகம் வரும். குடும்பத்தில் காது குத்திய இடம் உருண்டு திரண்ட ஆட்கள் இருந்தால், அதைச் சத்திரசிகிச்சைக்கு முன்பே வைத்தியரிடம் சொல்லுங்கள். எந்த நூல் என்ற கேள்வியைவிட இது பயன்.

தழும்பு முதிர ஓராண்டு, சிலவேளை ஒன்றரை ஆண்டு எடுக்கும். ஆறு மாதத்தில் சிவந்து தடித்திருப்பதைப் பார்த்து அழவேண்டாம். வெயில் பட்டால் அது கறுக்கும், மறைத்து வையுங்கள்.

காட்டில் என்ன எழுதியிருக்கிறது?

இவ்வளவும் பார்த்த பிறகு என் நிலைப்பாடு இது. திட்டமிட்டுச் செய்யும் சுத்தமான சின்ன வெட்டுகளுக்கு, தோலடியில் ஓடும் கரையும் நூல்தான் எங்கள் பிள்ளைகளுக்குப் பொதுவிதியாக இருக்கவேண்டும். வெட்டும் இழை விதிவிலக்கு. பல இடங்களில் ஏற்கெனவே அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அதில் பாதிப் பயன் ஒரு காகிதத்தில் வீணாகிறது.

வீடு போகும்போது கையில் தரும் டயக்னோசிஸ் காட் ஆங்கிலத்தில் இருக்கும், அவசரக் கையெழுத்தில். என்ன நூல் என்று வைத்தியர் எழுதியிருப்பார், தாய்க்கு விளங்காது. கரையும் நூலை வெட்டுவதற்கென்று பஸ் ஏறி வருகிறவர்களும் உண்டு, வெட்டவேண்டிய இழையைக் "கரையும்தானே" என்று மூன்று கிழமை விட்டவர்களும் உண்டு. கிறீன் தமிழில் அறுவை நூல் கொடுத்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. 'இழை வெட்டத் தேவையில்லை' என்றோ, 'பத்தாம் நாள் வெட்டவேண்டும், உங்களுக்குக் கிட்டிய வைத்தியசாலையில் வெட்டலாம்' என்றோ தமிழில் ஒரு முத்திரை குத்த எவ்வளவு செலவு? இழை வெட்டுவது நிபுணர் வேலையல்ல. பிரதேச வைத்தியசாலைத் தாதி செய்வார். பெரியாஸ்பத்திரிக்கு வரச் சொன்னால், அங்கே வரத்தான் வேண்டுமா என்று ஒருமுறை கேளுங்கள்.

நூல் இருந்தால்தானே

பொதுவிதி என்று எழுதுவது சுகம். அலுமாரியில் நூல் இருக்கவேண்டுமே. மருந்துகளில் 80 வீதத்துக்கு மேல் இறக்குமதி செய்யும் நாடு இது. 2022 மார்ச் இறுதியில் மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனை போதனா வைத்தியசாலையே திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைத்தது. அந்தக் காலத்தில் சத்திரசிகிச்சையாளர் தான் விரும்பியதைப் போடவில்லை, கையில் இருந்ததைப் போட்டார். கிருமிநாசினி பூசிய நூலின் விலை சாதாரண நூலைவிடக் கூட. சீழ் பிடித்த பிள்ளை ஒன்றுக்கு ஆகும் கட்டில் நாட்களையும் அன்ரிபயோட்டிக்கையும் அதற்கு எதிரே வைத்துக் கணக்குப் பார்க்கவேண்டியது கொழும்பில் கொள்வனவு செய்கிறவர்கள்.

தட்டுப்பாட்டு நேரத்தில் வெளியே வாங்கி வரும்படி வாட்டில் துண்டு தந்தால் ஒரு விஷயம் கவனியுங்கள். நூலின் தடிப்பு தலைகீழ்க் கணக்கு. 2-0 தடித்தது, 4-0 மெல்லியது, 6-0 முகத்துக்குப் போடும் நொய்ந்த நூல். ஊசியின் வகையும் துண்டில் இருக்கும். பார்மசியில் "அது இல்லை, இதுவும் அதுதான்" என்று வேறொன்றை நீட்டினால், காசு கொடுக்கு முன் வாட்டுக்கு ஒரு கோல் எடுத்துக் கேளுங்கள். உறை பிரித்த நூலைக் கடைக்காரர் திரும்ப எடுக்கமாட்டார்.